காக்கைக்கு வைத்த கேக்

புரட்டாசி அமாவாசைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது ஒரு பெண் என் ரொட்டிக் கடை வாசலில் வந்து நின்றாள். அந்தக் காலத்தில் சங்கரன்கோவிலில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. டாக்டர் சொல்லாமல் யாரும் வாங்க மாட்டார்கள். வழக்கம்போல, "யாருக்குக் காய்ச்சல், தாயி?" என்று கேட்டேன்.

"காய்ச்சல் யாருக்கும் இல்ல அண்ணாச்சி. ஒரு கேக் வேணும். அமாவாசைப் படையலுக்கு."

நான் சிரித்துவிட்டேன். படையலுக்கு வடை வைப்பார்கள், பாயசம் வைப்பார்கள். செத்தவர் சுருட்டுப் பிடித்தவர் என்றால் சுருட்டு வைப்பார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு வருஷா வருஷம் மூக்குப்பொடி மட்டை வைப்பதுண்டு. அதை எடுக்கிற காக்கைக்குத் தும்மல் வரும் என்று பிள்ளைகள் காத்திருக்கும். கேக் வைத்து நான் கேள்விப்பட்டதில்லை. அவள் சிரிக்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்த ஒரு கடிதத்தை எடுத்தாள்.

எனக்கு எழுத்து தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகன்தான் எழுதுகிறார். அவளே வாசித்தாள். வாசித்தாள் என்று சொல்வது தப்பு. மடிப்பில் கிழிந்துபோயிருந்த அந்தக் காகிதத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

அவள் யார் என்று எனக்குத் தெரியும். கடைக்குப் பின்னால் இரண்டாவது தெரு. மாமனார் தாலுகா கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டு மகன்கள். இரண்டு பேரும் யுத்தத்துக்குப் போனார்கள், இத்தாலி தேசத்துக்கு. மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இளையவனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அந்த மூன்று மாதத்துப் பெண்டாட்டிதான் இவள். மூத்தவன் செத்துப்போனான் என்று ஒரு தந்தி வந்தது. பத்து நாள் கழித்து இளையவனைப் பற்றி ஒரு தந்தி. அதில் செத்தான் என்று இல்லை. காணவில்லை என்று இருந்தது. நான் சொல்வது நடந்தபோது அந்தத் தந்திக்கு ஏழு வயது.

கடிதம் இளையவன் எழுதியது. அவன் இருக்கிற மலையில் மழைக்காலத்துக்கு முன்னால் மரம் பூராவும் சிவந்து போகிறதாம். மஞ்சள், சிவப்பு, செங்கல் நிறம் என்று தீப்பிடித்த மாதிரி நின்றுவிட்டு அப்புறம் கொட்டுகிறதாம். ஒரு நாள் அண்ணனும் தம்பியும் ஒரே ஊரில் தங்கும்படி ஆயிற்று. ஒரு வீட்டுக்கார அம்மாள் ஒரு கேக்கைக் கொடுத்தாள். மேலே அந்தச் சிவந்த இலைகளைப் போலவே செய்து ஒட்டியிருந்தாள். அண்ணன் பாதி, நான் பாதி தின்றோம், ஊருக்கு வந்தால் உனக்கும் அதே மாதிரி ஒன்று செய்யச் சொல்லி வாங்கித் தருவேன் என்று எழுதியிருந்தான். அதுதான் கடைசிக் கடிதம்.

"முட்டை கூடாது," என்றாள். "அமாவாசை. இலை மட்டும் அப்படியே இருக்கணும். செய்வீயளா?"

நான் கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு பேக்கரியில் எட்டு வருஷம் இருந்தவன். யுத்தத்தில் கொழும்பில் குண்டு விழுந்தபோது ஓடி வந்தவன். அங்கே கல்யாணக் கேக்கில் சர்க்கரையால் ரோஜாப்பூ, திராட்சைக் குலை, ஒரு தடவை கப்பல்கூடச் செய்திருக்கிறேன். ஆனால் கொழும்பில் மரம் பூராவும் சிவந்து நான் பார்த்ததில்லை. நம் ஊரில் மாசி பங்குனியில் உதிரும். அடுப்பெரிக்க அள்ளுவோமே தவிர யார் அதை நின்று பார்த்தார்கள்?

ஆனாலும், "செய்யுதேன்," என்று சொல்லிவிட்டேன்.

நம் பக்கத்தில் உதிருகிறதற்கு முன் நன்றாகச் சிவக்கிற மரம் ஒன்றுதான், வாதாம் மரம். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒன்று நின்றது. புரட்டாசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவந்த இலை கிடக்கும். கேக்குக்குத் தோதாகச் சின்ன இலைகளாகப் பொறுக்கி வந்தேன். முந்திரிப் பருப்பை அரைத்துச் சர்க்கரைப் பாகில் கிளறி, பூரிக்கு உருட்டுகிற மாதிரி மெல்லிசாகத் தேய்த்து, நெய் தடவிய இலையின் முதுகில் வைத்து அமுக்கினேன். நரம்பு நரம்பாக விழுந்தது. உலக்கையின் மேல் போட்டுக் காய வைத்தால் ஓரம் சுருண்டு, காற்றில் பறந்து வந்த இலை போலவே ஆயிற்று. அல்வாக் கடைக்காரர்கள் போடுகிற சிவப்புப் பொடி, கொஞ்சம் மஞ்சள், கருக்கிய சர்க்கரை, மூன்றே நிறம். பதினாறு இலை செய்தேன். பார்க்கப் பார்க்க எனக்கே கர்வமாக இருந்தது.

கேக்தான் படுத்திவிட்டது. முட்டை இல்லாமல் தயிரும் சோடா உப்பும் போட்டேன். முதல் தடவை நடு அமுங்கிப்போய் செருப்புத் தைக்கிற கல்லைப்போல வந்தது. அடுப்பில் தணலை இழுத்த பிறகும் சூடு அதிகம். ஒரு பிடி மாவை உள்ளே வீசிப் பார்க்க வேண்டும், உடனே கருகினால் பொறுக்க வேண்டும், மெல்லப் பழுத்தால் வைக்கலாம். நான் அவசரப்பட்டுவிட்டேன். இரண்டாவது தடவை சரியாக வந்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் மறுபடி வந்தாள். கடையில் ஆள் இல்லை. இலைகளைக் காட்டினேன். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு ரெண்டு வாழையிலை போடப்போறாவ. மூத்தவியளுக்கு ஒன்னு, எங்க வீட்டு அவியளுக்கு ஒன்னு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செத்தவனுக்குத்தான் படையல். காணாமல் போனவனுக்கு வைப்பது என்றால் என்ன அர்த்தம்?

மாமனாருக்கும் அவர் தங்கச்சிக்கும் சண்டையாம். தங்கச்சி தாலியறுத்து அண்ணன் வீட்டோடு இருக்கிறவள். "ஏழு வருஷமாச்சு, இன்னமும் எதுக்கு இந்தப் பிள்ளைக்குப் பூ வச்சு அழகு பாக்க?" என்று தினம் ஒரு பாட்டம். கடைசியில் மாமனார் வீறாப்பில் சொல்லிவிட்டார். இளையவனுக்கும் ஒரு இலை போடு. காக்கா தொட்டா அவன் செத்தது நெசம். தொடலேன்னா அவன் உசிரோட இருக்கான், பெறகு இந்த வீட்டுல எவளும் வாயத் திறக்கப்படாது.

"தொட்டுச்சின்னா உன் தாலி போயிருமே, தாயி."

"போவட்டும்," என்றாள். குரல் உயரவில்லை. "அண்ணாச்சி, எங்க வீட்டுல அழக்கூடாது. அழுதா அவியளக் கொன்ன மாதிரின்னு மாமா சொல்லிட்டாவ. எங்க அத்தை, அவியளப் பெத்தவ, செத்தப்பகூட என்னைய உள்ள தள்ளிக் கதவப் பூட்டிட்டாவ. நான் அவியளுக்காகத்தான் அழுதேன்னு ஊரு நினைச்சிருமாம். ஏழு வருஷமா வெங்காயம் அரியும்போதுதான் அழுதுக்கிடுதேன். பக்கத்து வீட்டுக்காரி கேக்கா, ஏட்டி, தெனமும் உங்க வீட்டுல வெங்காயக் குழம்பான்னு."

அவள் கையிலிருந்த இலையை வாங்கித் தட்டில் வைத்தேன்.

"காக்கா எடுக்கிற மாதிரி நல்லா செஞ்சுத் தாங்க. அது போதும்."

மறுநாள் கேக்கை ஒரு தாம்பாளத்தில் வைத்து நானே கொண்டுபோனேன். வட்டக் கேக். இலைகளை ஓரத்திலிருந்து நடுவுக்குச் சரிந்து விழுந்து கிடப்பது போல ஒட்டியிருந்தேன். அதை இலை உடையாமல் இரண்டாக வெட்டுவதற்கும் நான்தான் வேண்டும்.

வாசலிலேயே தங்கச்சிக்காரி மறித்தாள். "முட்டை போடலன்னு கோமதியம்மன் மேல சத்தியம் பண்ணும்."

"சத்தியமா இல்ல ஆத்தா. தயிரும் சோடா உப்பும்தான்."

"சோடா உப்பா? எங்கண்ணன் மக்க ரெண்டு பேரும் செத்துக் கெடக்குதுவ, அதுகளுக்குப் போயி வயித்துவலி மருந்தா கொண்டாந்திருக்கீரு?"

உள்ளேயிருந்து மாமனார் சத்தம் போட்டார். "ஒருத்தன்தான் செத்திருக்கான். வாய அளந்து பேசு."

மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் மேல் இரண்டு வாழையிலைத் துண்டு. இரண்டிலும் சோறு, பருப்பு, வடை. மூத்தவன் இலையில் கேக் பாதி, இளையவன் இலையில் பாதி. இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. மாமனார் தண்ணீர் சுற்றிவிட்டுக் கூப்பிட்டார். "கா... கா..."

காக்கை இல்லாமல் இல்லை. எதிர் வீட்டு ஓட்டின் மேல் எட்டுப் பத்து உட்கார்ந்திருந்தன. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

கால்மணி போயிற்று. மாமனார் முகத்தில் ஒரு தெளிச்சி. அரைமணி போயிற்று. அந்தத் தெளிச்சி போய்விட்டது. ஏனென்றால் மூத்தவன் இலையையும் அவை தொடவில்லை. ஆறு வருஷமாக விழுந்தடித்துக்கொண்டு வந்து எடுத்த இலை. தந்தியும் மெடலும் வந்த பிள்ளைக்கு வைத்த சோறு.

"மூத்தவனுக்கு என்ன கோவம்?" என்றாள் தங்கச்சி. "சீமைப் பலகாரத்த வச்சா எந்தக் காக்கா வரும்? நீரு என்னவே போட்டீரு அதுல?"

வெயில் மண்டையைப் பிளந்தது. படையல் முடியாமல் யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்க முடியாது. அந்தப் பெண் மாடிப்படி வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காக்கைகளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. என் கடை மாடியில் ரஸ்க்கு காயப்போடும்போது காக்கை வராமலிருக்க நான் என்ன செய்வேன்? சிவப்புத் துணியைக் கிழித்து, துண்டு துண்டாகச் சுற்றிலும் கட்டிவிடுவேன். என் தெருக் காக்கைக்கு வருஷக்கணக்காக அந்தப் பாடம் நடந்திருக்கிறது. அதே தெருவுக்குப் பின்தெருக் காக்கைதான் இதுவும். அதற்கு முன்னால் பதினாறு சிவப்புத் துண்டை நிறுத்தி வைத்துவிட்டு, வா வா என்று கூப்பிடுகிறோம்!

பேசாமலிருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. "ஐயா, அந்தச் சிவப்பைப் பாத்துத்தான் பயப்படுது. அந்தச் சர்க்கரை இலைய எடுத்துட்டா வந்துரும்."

மாமனார் கேக்கின் இரண்டு பாதியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லிசான குரலில், "மூத்தவனதுல எடு," என்றார்.

"ரெண்டுலயுமா ஐயா?"

"மூத்தவனதுல எடுன்னேன். சின்னவனதுல கை வைக்காத."

தங்கச்சிக்காரி வாயைத் திறந்தாள். அவர் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்கும். அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. கதவுதான் லேசாக ஆடிற்று.

நான் போனேன். மூத்தவன் பாதியிலிருந்து எட்டு இலைகளையும் எடுத்து மடியில் போட்டேன். இளையவன் பாதியில் எட்டு இலையும் அப்படியே சிவந்து நின்றன. நான் செய்த வேலையை நானே அன்றைக்கு வெறுத்தேன்.

"எல்லாரும் உள்ள வாங்க. ஆளு நின்னா எறங்காது," என்று மாமனார் எல்லாரையும் படிக்கட்டுக்குள் கூட்டிப்போனார். "நீ அந்தச் செவரோரம் குத்தவச்சிக்க. எதுல எடுக்குன்னு பாத்துச் சொல்லு."

சுவரோரம் உட்கார்ந்தேன். கால் மரத்தது. ஒரு காக்கை மட்டும் ஓட்டிலிருந்து கிளம்பிச் சுவரில் வந்து உட்கார்ந்தது. எனக்கும் அதற்கும் நாலு முழம் இருக்கும். மூத்தவன் இலையில் சோற்றைக் கொத்திற்று. கேக்கை ஒரு கொத்து. நிமிர்ந்தது. பக்கத்து இலையைப் பார்த்தது. ஒரு தத்து தத்தியது. இன்னும் ஒரு தத்து. சர்க்கரை இலையின் நிழலில் தலையைச் சாய்த்து நின்றது. பிறகு என்ன நினைத்ததோ, பின்வாங்கி மூத்தவன் கேக்கில் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னலே, எறங்கிச்சா?"

எழுந்தேன். என் முதுகு அவர்களுக்கு. இளையவன் இலைக்கு நேரே நான் நின்றேன். ஒரு சர்க்கரை இலையின் நுனியை நகத்தால் கிள்ளினேன். கேக்கிலும் ஒரு துணுக்குப் பிய்ந்து வந்தது. அதை எங்கே போடுவது? மடியில் போட நேரமில்லை, கீழே போட்டால் தெரியும். காலடிச் சத்தம் கேட்டது. வாயில் போட்டுக்கொண்டேன்.

செத்தவனுக்கு வைத்ததைக் காக்கைக்கு முன்னால் தின்றவன் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாமனார் வந்து நின்றார். மூத்தவன் இலையைப் பார்த்தார். இளையவன் இலையைப் பார்த்தார். நுனி உடைந்த சிவப்பு இலையின் மேல் குனிந்தார். "இதுலயும் எடுத்துச்சா?"

என் வாயில் முந்திரியும் சர்க்கரையும் கரைந்துகொண்டிருந்தன. பேச முடியாது. தலையை ஆட்டினேன்.

"கண்ணால பாத்தியா?"

மறுபடி ஆட்டினேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். என் தாடை அசையாமலிருக்க நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

படிக்கட்டில் ஒரு சத்தம் எழுந்தது. அழுகை என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. கிணற்றில் வாளி அறுந்து விழுந்தால் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. தங்கச்சிக்காரி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். வாய் ஓயாத அந்தப் பொம்பளை, "அழு மக்கா, அழு," என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். மாமனார் அவளைத் தடுக்கவில்லை.

பதினாறாம் நாள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நான் போகவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவள் வெறுங்கழுத்தோடு கடை வழியாகப் போனபோது நான் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவளே வந்து நின்றாள். "ரெண்டு பன்னு குடுங்க அண்ணாச்சி," என்றாள். முகம் வீங்கியிருந்தது. ஆனால் மனுஷ முகமாக இருந்தது. இந்த ஏழு வருஷமும் அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் பட்டது.

எனக்கு அதற்கப்புறம்தான் பயம் பிடித்தது. தென்காசிப் பக்கம் இருந்து வருகிற வண்டி, விருதுநகர் வண்டி, எது ஊதினாலும் வாசலுக்கு வந்து ஸ்டேஷன் பக்கம் பார்ப்பேன். யுத்தத்தில் பிடிபட்டு ஜெயிலிலிருந்து பத்து வருஷம் கழித்து வந்தவன் கதை, நினைவு தப்பித் திரிந்து ஊர் திரும்பியவன் கதை, கடையில் உட்கார்ந்து யார் யாரோ சொல்வார்கள். தோளில் மூட்டையோடு ஒருவன் ஸ்டேஷன் ரோட்டில் நடந்து வந்தால், முகம் தெரிகிற வரைக்கும் மாவில் வைத்த கை அப்படியே நிற்கும். அவன் வந்து, என் பெண்டாட்டி கழுத்தில் ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்டால், ஒரு காக்கையைக் காட்டி நான் என்ன சொல்வேன்? எதிர்பார்த்து எதிர்பார்த்து ஒரு வருஷம் ஓடிற்று. அவன் வரவில்லை.

மறு புரட்டாசி வந்தது. அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் மாமனாரே கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். ரஸ்க்கு வாங்க வந்த ஆள் போகிறவரைக்கும் காத்திருந்தார்.

"அந்தக் கேக்க இந்த வருசமும் செஞ்சிரு. ரெண்டு பேருக்கும்."

"சரிங்க ஐயா. சிவப்பு இல்லாம, மஞ்சள் இலையா..."

"சிவப்பே இருக்கட்டும். ரெண்டுலயும் இருக்கட்டும். எடுத்தா காக்காவே எடுக்கட்டும்." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். வாசல்படியில் இறங்கிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "செஞ்சு குடுத்துட்டு வாசலோட போயிரு. நீ மாடிக்கு வர வேண்டாம்லே."